ஆய்வுக் குழுவில் என் மகன்: பாதுகாவலர் சான்று கட்டாயமா?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. டவுன் சின்ட்ரோம். யூடிஐடி கார்டில் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) அறிவுசார் குறைபாடு 60 சதவீதம் என்று இருக்கிறது. நன்றாகப் பேசுவான், எழுத்துக்கூட்டிப் படிப்பான். அவனைப் போன்ற பெரியவர்களின் பல் நலம், சர்க்கரை நோய் பற்றி ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வு செய்கிறதாம். ஆய்வை வடிவமைக்கும் குழுவில் அவனை ஆலோசகராகச் சேர்க்க விரும்புவதாக, அவன் போகும் தொழிற்பயிற்சி மையம் வழியாகக் கேட்கிறார்கள். மொத்தம் ஆறு கூட்டம். சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று இருந்தால்தான் சேர்ப்பார்கள் என்கிறது மையம். அதை வாங்கித் தர ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இதெல்லாம் அவனால் முடியுமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பணம் கொடுக்காதீர்கள். ஆலோசகராக உட்காருவதற்கு அந்தச் சான்று தேவையே இல்லை. வேறு காரியத்துக்குத் தேவைப்பட்டாலும் அதற்கு இடைத்தரகர் வேண்டியதில்லை.

பாதுகாவலர் சான்று தருவது தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர் அளவிலான குழு. அதன் தலைவர் மாவட்ட ஆட்சியர். பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். பெற்றோர் என்ற முறையில் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். விவரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். விண்ணப்பம் வந்ததும் குழு முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா, தேவையென்றால் எந்தக் காரியத்துக்கு? சட்டத்திலேயே இது எழுதியிருக்கிறது. 'ஆய்வுக் கூட்டத்துக்குப் போக' என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

தரகர் சொல்லாமல் விடுகிற இன்னொன்றும் உண்டு. பாதுகாவலராக நியமிக்கப்பட்டால், மகன் பெயரில் உள்ள சொத்து, கடன் விவரங்களை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு ஆண்டுதோறும் நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். 15,000 ரூபாய் கொடுத்து இந்தப் பொறுப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்ட குடும்பங்களுக்குத் தாங்கள் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதே தெரியாது. அதைவிட முக்கியம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வந்த பிறகு எந்தப் பாதுகாவலரும் 'வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்'தான். அதாவது குறிப்பிட்ட முடிவை, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு கலந்து எடுக்கிறவர். சான்று கையில் இருந்தாலும் மகனைக் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 18 வயது தாண்டியவருக்குச் சட்டத்தின் முன் தன் பேச்சே பேச்சு. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் மையம் ஏன் சான்று கேட்கிறது? பயம்தான். கல்லூரிகளின் எதிக்ஸ் கமிட்டிகளில், அதாவது ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில், அறிவுசார் குறைபாடு என்ற சொல்லைப் பார்த்தவுடன் 'பாதிப்புக்கு எளிதில் ஆளாகும் பிரிவினர்' என்ற கட்டத்தில் டிக் அடிப்பார்கள். டிக் விழுந்ததும் பாதுகாவலர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் தானாக முளைக்கும். அந்த நபர் ஆய்வுக்கு உட்படுகிறவரா, ஆய்வை வழிநடத்த உதவுகிறவரா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆய்வுக்கு உட்படுகிறவர் ரத்தம் கொடுப்பார், பல்லைக் காட்டுவார், தன்னைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வார். ஆலோசகர் அந்தக் கேள்வித்தாள் புரிகிறதா, அந்தப் பரிசோதனை எப்படி நடந்தால் பயமில்லாமல் இருக்கும், முடிவை எப்படிச் சொன்னால் விளங்கும் என்று சொல்வார். இதற்கு எளிய ஒப்பந்தக் கடிதம் ஒன்று போதும்: எத்தனை கூட்டம், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் மகன். நீங்கள் சாட்சியாகப் போடலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிலைமை மாறும். இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏமாற்று வேலை நடப்பது இங்கேதான். ஆலோசகராகக் கூப்பிட்டவரிடமே, 'வந்ததுதான் வந்தீர்கள், ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்றோ, 'பல்லை மட்டும் பார்த்துக்கொள்கிறோம்' என்றோ கேட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவர் ஆய்வுக்கு உட்படுகிறவர். ஆலோசகர் கடிதம் அதற்குச் செல்லாது. தனி ஒப்புதல் படிவம் வேண்டும். 2016 சட்டத்தின் 6-ஆம் பிரிவு இதற்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது. ஒன்று, அவருக்குப் புரியும் வடிவில் விளக்கி, அவர் சுதந்திரமாகத் தரும் ஒப்புதல். இரண்டு, ஊனமுற்றோர் தொடர்பான ஆராய்ச்சிக்கென அரசு அமைக்கும் குழுவின் முன் அனுமதி. அந்தக் குழு உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்புகளைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் ஆய்வாளர்களில் பலர் முழிப்பார்கள். கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டி அனுமதியே போதும் என்பார்கள். அது போதாது. சட்டம் வந்து இத்தனை ஆண்டு ஆகியும் அதன் 6-ஆம் பிரிவைப் படிக்காமல் ஆய்வுத் திட்டம் எழுதுகிறார்கள் என்பது வெட்கக்கேடு. நீங்கள் கேளுங்கள்.

மருந்துப் பரிசோதனை என்றால் இன்னும் ஒரு படி. புதிய வேதிப்பொருளான மருந்தை அறிவுசார் குறைபாடுள்ளவர்களிடம் சோதிப்பதானால் ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள். முதல் நபரைச் சேர்க்கும் முன்பே அந்தப் பரிசோதனை, இந்தியாவின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் ஏறியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான ஃபெர்னால்டு பள்ளியில், 1940-களிலும் 50-களிலும் சிறுவர்களை 'அறிவியல் கிளப்' என்று சொல்லிச் சேர்த்தார்கள். பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள், கூடுதலாகப் பால் கொடுத்தார்கள். காலை உணவான ஓட்ஸ் கஞ்சியில் கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற சொல்லே இல்லை. எம்ஐடி பல்கலைக்கழகமும் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனமும் 1998-இல் 18.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. கிளப், விருது, டி-சர்ட், பிரியாணி என்று பேச்சு வந்தால், இதில் யாருக்கு ஊசி போடப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

அவரால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் கூட்டத்தை நடத்துகிறவர்களுக்கு நடத்தத் தெரிய வேண்டும்.

ஒரு உதாரணம். கேள்வித்தாளில், 'கடந்த ஒரு மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு எத்தனை முறை இனிப்புப் பண்டம் உட்கொண்டீர்கள்?' என்று இருக்கும். அதில் மாதம், வாரம், சராசரி என மூன்று கணக்கு. உங்கள் மகனைப் போன்றவர் 'ஆமா' என்பார், அல்லது மனசுக்கு வந்த எண்ணைச் சொல்வார். பேட்டி எடுப்பவர் அதை எழுதிக்கொள்வார். அந்த ஆய்வின் முடிவில் வரும் எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆலோசகர் குழு உட்கார்ந்தால் அது இப்படி மாறும்: டீ, ஜிலேபி, பிஸ்கட், ஐஸ்கிரீம் போட்டோக்களை மேசையில் பரப்பி, 'நேத்து இதுல எதைச் சாப்பிட்டீங்க?' என்று கேட்பது. நேற்று என்பது பிடிபடும். படத்தைத் தொட்டுக் காட்டலாம். பல் பரிசோதனையிலும் அப்படித்தான். சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலி பின்னால் சாயும்போதும் முகத்தில் விளக்கு விழும்போதும் பலர் எழுந்து ஓடிவிடுவார்கள். அறிக்கையில் 'ஒத்துழைக்கவில்லை' என்று பதிவாகும். சாய்ப்பதற்கு முன் சொல், கண்ணாடியை முதலில் என் கையில் கொடு என்று சொல்லத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான்.

ஆகவே கல்லூரியிடம் நீங்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன. கூட்டத்தில் பேசப்போகும் தாள் ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வர வேண்டும். எழுத்து பெரிதாக, வரிக்கு ஒரே ஒரு செய்தியாக, பக்கத்தில் படத்தோடு. கூட்டம் 45 நிமிடத்தைத் தாண்டினால் இடைவேளை. ஒவ்வொரு முறையும் அதே நபர் நடத்த வேண்டும், ஆள் மாறினால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். 'நிறுத்து' என்று காட்ட ஒரு சிவப்பு அட்டை அவர் கையில். இவரைப் போல இன்னும் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். பத்து டாக்டர்கள் நடுவில் தனியாளாக உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவார்கள்.

தலையாட்டுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் கேட்டால் ஆமாம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் இவர்கள். 'இது பிடிச்சிருக்கா?' என்றால் ஆமாம். 'பிடிக்கலையா?' என்றாலும் ஆமாம். 'இதுவா, அதுவா?' என்று கேட்டால் கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்வதும் உண்டு. அதனால் அதே கேள்வியை வரிசை மாற்றி இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால்தான் அது அவருடைய பதில். சம்மதம் கேட்கும்போதும் 'புரிந்ததா?' என்று கேட்பதில் பயனில்லை. யார் கூப்பிடுகிறார்கள், போய் என்ன செய்வாய், பிடிக்காவிட்டால் என்ன செய்வாய் என்ற மூன்றையும் அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். இன்னொரு நாள் மறுபடி விளக்க வேண்டும்.

அம்மா, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராதீர்கள். அவர் கண்ணில் படும்படி சற்றுப் பின்னால் உட்காருங்கள். பதில் வரப் பத்து, பதினைந்து விநாடி ஆகலாம். அந்த இடைவெளியை நிரப்ப உங்களுக்கு நாக்கு துடிக்கும். நீங்கள் பேசிவிட்டால் குழுவுக்குக் கிடைப்பது தாயின் கருத்து. அதுவும் தேவைதான், அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். கூட்டத்துக்கு வரும் டாக்டருக்குப் படி உண்டு, டிரைவருக்குப் படி உண்டு, உங்கள் மகனுக்கு மட்டும் நினைவுப் பரிசும் ஒரு போட்டோவும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் அரசு நிதியில் நடக்கும் சுகாதார ஆய்வுகளுக்கு என்ஐஎச்ஆர் என்ற அமைப்பு, இப்படி வரும் பொதுமக்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று வெளிப்படையாக விகிதம் போட்டிருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு பட்டியல் பழக்கத்தில் இல்லாததால், ஆய்வு பட்ஜெட்டில் இதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்பதுதான் வழி. தொகை அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். உதவித்தொகை வரும் கணக்கு இருந்தால் அதையே கொடுங்கள். இரண்டு பேருக்கான ஆட்டோ, பஸ் செலவு தனி.

'மையத்தின் கணக்கில் போடுங்கள், நாங்கள் கொடுத்துவிடுகிறோம்' என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். நல்ல மையங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எந்த ஆய்வாளர் வந்தாலும் அதே நாலு பிள்ளைகளை அனுப்பி, வவுச்சரில் தாங்களே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. பிள்ளைகளுக்கு அது ஆய்வா, ஆண்டு விழாவா என்றே தெரியாது. யூடிஐடி கார்டு நகலைக் கொடுக்கும்போது அதன் குறுக்கே 'இன்ன ஆய்வின் ஆலோசகர் பணிக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத வவுச்சரிலோ கைநாட்டு வைக்க விடாதீர்கள்.

கடைசியாக, எப்போது கூப்பிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். கேள்வித்தாள் அச்சாகி, எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் வாங்கிவிட்டு ஆலோசகர் தேடினால், அவர்களுக்கு வேண்டியது அறிக்கையின் அட்டைக்கு ஒரு படம். முதல் கூட்டத்திலேயே, 'இவர் சொல்லி இதில் என்னவெல்லாம் மாற்ற முடியும்?' என்று கேளுங்கள். ஒன்றும் மாற்ற முடியாது என்றால் ஆறு நாள் அலைச்சல் எதற்கு? மையத்திலேயே இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஆலோசகர் பணிக்குப் பாதுகாவலர் சான்று எந்தச் சட்டப் பிரிவின்படி தேவை என்று கல்லூரியின் முதன்மை ஆய்வாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மையத்துக்கு ஒரு நகல். பெரும்பாலும் அந்தக் கடிதத்தோடு சான்றுப் பேச்சு நின்றுவிடும். 15,000 ரூபாயில் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், ரசீது இல்லாவிட்டாலும் போன் பேச்சு, வாட்ஸ்அப் செய்தி, ஜிபே பதிவு எதுவானாலும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். பாதுகாவலர் சான்றைத் தரும் குழுவுக்குத் தலைவரே ஆட்சியர் என்பதால், அவர் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குகிறவரைப் பற்றி அவரிடமே சொல்வதுதான் சரி.