ஒரு கால் மட்டும் சிவந்து வீங்கினால் யானைக்காலா?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்குப் பாறை கிழித்த மூன்றாம் நாள் வலது கால் மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறது, சர்க்கரையும் உண்டு, பக்கத்து வீட்டில் யானைக்கால் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். யானைக்கால் மூன்று நாளில் வராது தம்பி. கொசு வழியாகப் புழு ஏறி, வீக்கம் நிலைக்க வருடக்கணக்கில் ஆகும்.

இது பெரும்பாலும் செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. புறங்கையை இரண்டு கால்களிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். வீங்கிய கால் சுடும். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சூட்டையும் பளபளப்பையும் பாருங்கள். ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து நேரத்தை எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டினால் பரவுகிறது என்று அர்த்தம். கெண்டைக்கால் இறுகி வலித்தால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டாகவும் இருக்கலாம். அதை ஸ்கேன்தான் சொல்லும்.

கருநீலக் கொப்புளம், காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, குளிர் நடுக்கம், தடுமாற்றம், இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கடல்நீரில் இருக்கும் விப்ரியோ வகைக் கிருமி சில மணி நேரத்தில் சதையை அழித்துவிடலாம். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம். ‘வலி இல்லை’ என்று அம்மா சொன்னால் நம்பாதீர்கள் (அம்மாக்கள் எப்படியும் அதைத்தான் சொல்வார்கள்).

கொப்புளம் இல்லாவிட்டாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் பத்து, கடை மாத்திரை வேண்டாம். கடல் தண்ணீர் பட்ட காயம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், கொடுக்கும் மருந்தே மாறலாம். டெட்டனஸ் தடுப்பூசி (டிடி ஊசி) எப்போது போட்டது என்றும் கேட்பார்.