கல்லீரலில் கொழுப்பு, சிறுநீரை ஏன் சோதிக்க வேண்டும்?

கேள்வி: வயது 52. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 2’ என்று வந்தது. சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தச் சோதனையான கிரியாட்டினின் 0.9தான். பிறகு ஏன் டாக்டர் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கச் சொல்கிறார்? கொழுப்பு கரைய பிலிம்பிக்காய் சாறு குடிக்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: முதலில் சாறு. குடித்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். மீன் குழம்பில் நாலு துண்டு போடுவது வேறு, பச்சையாக அரைத்து டம்ளர் கணக்கில் குடிப்பது வேறு. அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிடும். கொலஸ்ட்ரால் குறையும் என்று குடித்து, திடீரெனச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்திருக்கிறார்கள். சிலருக்கு டயாலிசிஸ் வரை போனது.

இனி சோதனை. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. சர்க்கரையையும் ட்ரைகிளிசரைடையும் அழற்சிப் பொருட்களையும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே சர்க்கரையால் நொந்திருக்கும் சிறுநீரக வடிகட்டியை இவையும் சேர்ந்து அரிக்கும். வடிகட்டி கசியத் தொடங்கும்போது முதலில் தெரிவது சிறுநீரில் ஆல்புமின்தான். கிரியாட்டினின் வெகுநாள் கழித்தே ஏறும். அதனால் 0.9ஐ வைத்து நிம்மதி அடைய முடியாது.

காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுங்கள். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 30க்குக் கீழே (mg/g அளவில்) இருந்தால் நல்லது. வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். கூடினால் பதற வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் கூடியிருந்தால்தான் கசிவு உறுதி.

கல்லீரலில் தழும்பு விழுந்திருந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து கூடும். அதைக் கணக்கிட ஃபிப்-4 என்ற சூத்திரம் உண்டு (இதில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதிகள்; பிளேட்லெட் ரத்தத் தட்டணு): வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டை (ஆயிரத்தில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். ஏஎஸ்டி 48, ஏஎல்டி 64, பிளேட்லெட் 2,08,000 என்றால் உங்கள் வயதுக்கு 1.5 வரும். 1.3ஐத் தாண்டினால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பது நல்லது.

எடை 70 கிலோ என்றால் 5 முதல் 7 கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும். மரச்சீனியை அவித்துத் தண்ணீரை வடித்தாலும் மாவுச்சத்து போகாது. அதைச் சாப்பிடும் வேளையில் சோறு வேண்டாம். கருவாட்டையும் குறையுங்கள், உப்பு பிரஷரை ஏற்றும். பிரஷர் 130/80க்குக் கீழே நிற்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காக்கும்; உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முட்டுவலிக்குக் கடையில் வாங்கி டைக்ளோஃபெனாக் போடும் வழக்கம் இருந்தால், அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.