துளிர் வந்தால் வேர் வந்ததாக அர்த்தமில்லை

ஆவணியில் வெட்டி நட்ட மஞ்சள் மூங்கில் துண்டுகள் துளிர்விட்டு, மூன்று கிழமையில் கருகிவிட்டன, வேர்விடப் பூசிய ஊக்கித் தூள் போலியா என்று கேட்டிருந்தீர்கள். தூளில் பிழை இருக்காது. தண்டில் சேர்ந்திருக்கும் மாப்பொருளை வைத்தே மூங்கில் இலை விட்டுவிடும், வேர் பிறகுதான். அதற்குள் சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நானும் ஒருமுறை துளிரைப் பார்த்து ஏமாந்து, அயலுக்கெல்லாம் கன்று தருவதாகச் சொல்லி வெட்கப்பட்டேன்.

தூளை வெட்டுமுகத்தில் பூசியதாக எழுதியிருக்கிறீர்கள். மூங்கிலில் வேர் வருவது கணுவில், வெட்டுமுகத்தில் அல்ல. சரி, இப்படிச் செய்து பாருங்கள். மாசி, பங்குனியில் ஒன்றிரண்டு வயதுத் தண்டை இரண்டு கணு வரும்படி, மொட்டு சிதையாமல் அறுங்கள். கணுக்களுக்கு நடுவே சிறு துளை போட்டு, லீற்றருக்கு 200 மில்லிகிராம் கணக்கில் கரைத்த இண்டோல் பியூட்ரிக் அமிலத்தை (வேர்விடத் தூண்டும் ஊக்கி) 100 மில்லிலீற்றர் உள்ளே ஊற்றுங்கள். (தூய அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது, முதலில் கொஞ்ச மதுசாரத்தில் கரைக்க வேண்டும்.) துளையைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டி, அது மேலே பார்க்கும்படி துண்டைப் படுக்கவைத்து மெல்லிதாக மண் மூடுங்கள்.

மேலே கிடுகுப் பந்தல், தினமும் தண்ணீர். மாரியில் துண்டு பதிக்க வேண்டாம், தண்ணீர் நின்றால் அழுகும். வேர்விட்ட கன்றை ஐப்பசி மழையோடு நிலத்தில் நடலாம். அதற்கு முன் இழுத்துப் பார்க்காதீர்கள்!