பஞ்சதந்திரம்: குடும்பத்தோடு பார்க்கலாமா?

2002-இல் கமல்ஹாசன் நடித்து வெளிவந்த 'பஞ்சதந்திரம்' படம் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், நான் இன்னும் பார்க்கவில்லை. கதையைக் கெடுக்காமல் சொல்லுங்களேன்.

பதில்: ராம் (கமல்) ஒரு விமானி. பெண்கள் விஷயத்தில் முன்பு கொஞ்சம் அப்படி இப்படி. விமானப் பணிப்பெண் மைதிலியை (சிம்ரன்) கல்யாணம் செய்து திருந்தியும், சந்தேகம் மேல் சந்தேகம் வந்து அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவனைத் தேற்றுவதாகச் சொல்லி நான்கு நண்பர்கள் பெங்களூருக்கு அழைத்துப் போய், மேகி (ரம்யா கிருஷ்ணன்) என்ற விலைமாதுவை ஏற்பாடு செய்கிறார்கள். பிறகு பார்த்தால் அவள் பிணமாகக் கிடக்கிறாள். போதாததற்குக் கடத்தல் வைரம் வேறு கையில் சிக்குகிறது. மிச்சத்தை நீங்களே பாருங்கள்.

கேள்வி: அண்ணா, பிள்ளைகளோடு பார்க்கலாமா? பையனுக்கு 10 வயது, பெண்ணுக்கு 15.

பதில்: கண்ணுக்குத் தெரியும் ஆபாசத்தைவிடப் பேச்சில்தான் விவகாரம் அதிகம். இரட்டை அர்த்த வசனங்கள், குடி, மனைவிக்குத் தெரியாமல் போகிற சபலம் எல்லாம் உண்டு. பையனுக்குப் பாதி புரியாது. ஆனால் "அந்த ஆன்ட்டி எதுக்கு அங்கே வந்தாங்க?" என்று கட்டாயம் கேட்பான். அவனுக்கு இன்னும் சில வருஷம் போகட்டும். பெண்ணோடு தாராளமாகப் பாருங்கள், பார்த்தபின் பேசவும் நிறைய இருக்கிறது.

கேள்வி: இத்தனை வருஷம் கழித்தும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: கிரேசி மோகனின் வசனம்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்வார், மூன்றாமவர் அதை மேலும் சிக்கலாக்குவார். நாம் சிரித்து முடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அதனால் முதல் தடவை தவறவிட்டது மறுமுறை காதில் விழும். ஐந்து பேரையும் ஒரே அச்சில் வார்க்காததும் பெரிய பலம். ஜெயராம் மலையாளி நாயர், ரமேஷ் அரவிந்த் கன்னட ஹெக்டே, ஸ்ரீமன் தெலுங்கு ரெட்டி, யூகி சேது ஐயர். வைரத்தைப் பார்த்த ரெட்டி "சின்ன கல்லு, பெத்த லாபம்" என்கிறார். உயிர் போகிற பயத்திலும் எட்டிப் பார்க்கிற பேராசை, அரைத் தெலுங்கில் நாலே சொல்லில் வந்துவிடுகிறது. இன்றும் ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: குறையே கிடையாதா?

பதில்: உண்டு. மேகி அந்த நண்பர்களுக்கு முதலில் ஆசைப்பொருள், அப்புறம் எங்கேயாவது தள்ளிவிட வேண்டிய சுமை. அந்த இடத்தில் எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. சந்தேகப்படும் மனைவிகளைக் கேலி செய்கிறார்கள், ஆனால் அந்தப் பெண்களின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறதே! ரம்யா கிருஷ்ணன் மட்டும் துணிச்சலாக நடித்து, தன் பாத்திரத்துக்கு எழுத்தில் இல்லாத கம்பீரத்தைக் கொடுத்துவிடுகிறார்.

கேள்வி: 'அவ்வை சண்முகி' என் அம்மாவுக்கு உயிர். இது பிடிக்குமா?

பதில்: இரண்டுக்கும் கே.எஸ். ரவிகுமார்தான் இயக்குநர், மோகன்தான் வசனம். ஆனால் அதில் மகளுக்காக ஏங்கும் அப்பாவின் பாசம் இருந்தது. இதில் முழுக்க முழுக்கக் குழப்படிதான். அம்மாவோடு அதையே இன்னொரு தரம் பாருங்கள், இதை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாகேஷ் இருக்கிறாரா?

பதில்: இருக்கிறார். அவருக்காகவே பார்க்கலாம்.