யாரும் போகாத அறை

கேள்வி: ஏழு வருடமாகத் தீபாவளிச் சீட்டு நடத்துகிறேன். கட்டுகிறவர்களுக்கு இனிப்போடு பட்டாசுப் பெட்டியும் கொடுப்பேன். பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியப்பா மகன், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பட்டாசு வைத்திருப்பதாகத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டார். நான் ஒன்றும் வெளியே பரப்பி வைக்கவில்லை. அம்மா நடமாட்டம் இல்லாமல் படுத்திருக்கிறார். யாரும் போகாத அறை என்பதால் அங்கேதான் அடுக்கியிருக்கிறேன். அண்ணனோடு உறவை முறித்துக்கொள்ளலாமா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: அண்ணனை அப்புறம் பார்க்கலாம். யாரும் போகாத அறை என்கிறீர்களே தம்பி, அதில் உங்கள் அம்மா இருக்கிறார். அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு எப்படிப் போனீர்கள்?

பண்டிகைக்காகப் போடும் தற்காலிகக் கடைக்கே 2008 வெடிபொருள் விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? கொட்டகை தீப்பிடிக்காத பொருளால் இருக்க வேண்டும். அடுத்த கடைக்கு 3 மீட்டராவது இடைவெளி வேண்டும். எண்ணெய் விளக்கு கூடாது. எழுந்து ஓடக்கூடிய ஆட்கள் நிற்கிற கடைக்கே இவ்வளவு. அம்மா அறையில் கொசுவத்தி ஏற்றுவீர்களா, இல்லையா? சாயங்காலம் சாமி விளக்கு எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எரிகிறது?

லைசென்ஸ் கேட்டால் தீயணைப்புத் துறையும் போலீசும் இடத்தைப் பார்க்க வருவார்கள். அந்தக் கட்டிலைப் பார்த்த யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அது தெரிந்துதான் நீங்கள் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதில் உரிமையாளர் குடும்பமும் உண்டு, பக்கத்தில் ஓட்டல் நடத்தியவரும் உண்டு. உங்கள் அண்ணனும் பக்கத்து வீடுதான். உங்களிடம் முதலில் சொல்லியிருக்கலாம். சொல்லியும் நீங்கள் கேட்கவில்லையோ என்னவோ. மகன் யோசிக்க வேண்டியதை, தன் சித்திக்காக அவர் யோசித்திருக்கிறார். அவரோடு உறவை முறிக்க உங்களுக்கு என்ன யோக்கியதை?

பெட்டிகளை நீங்களே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அலையாதீர்கள். தீயணைப்பு நிலையத்தில் உள்ளதைச் சொல்லி, எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள். வழக்கு வந்தால் வரட்டும். சீட்டுக்காரர்களுக்குப் பட்டாசுக்கு உண்டான பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், நஷ்டமானாலும் சரி.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, அம்மாவைக் கூடத்துக்கு மாற்றுங்கள். கட்டிலைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். அண்ணனைக் கூப்பிடுங்கள்.