மறுமொழி: ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்நியபாஷை பேசினால்?

தங்கச்சி, சுன்னாகத்தில் உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் அந்நியபாஷையில் (ஆவியின் ஏவுதலால் வருவதாக நம்பப்படும், கேட்பவர்களுக்கு விளங்காத மொழியில்) சத்தமிடுகிறார்கள், வயதான அன்ரிமார் வராமல் நின்றுவிட்டார்கள், தனிக் கூட்டம் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

ஆதிக் கிறிஸ்தவர்களின் கொரிந்து சபையிலும் இதே தலையிடிதான். அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், 1 கொரிந்தியர் 14இல், அப்போஸ்தலன் பவுல் அந்நியபாஷையைத் தடுக்கவில்லை. 39ஆம் வசனம் தடைசெய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் 27, 28ஐப் பாருங்கள்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக. அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் மௌனம். 23ஆம் வசனத்தில், வெளியாள் உள்ளே வந்தால் உங்களுக்குப் பைத்தியம் என்று நினைக்கமாட்டானா என்று கேட்கிறார். மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் சைவக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். (ஸ்பீக்கர் வாசலில் இருந்தால் முதலில் அதை உள்ளே எடுங்கள்.)

சத்தமிடுகிறவரைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தப் போகாதீர்கள், ரோசம் வந்துவிடும். ஒரு பின்னேரம் போதகரோடு அவர் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டே அந்த அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். அன்ரிமாரும் சும்மா இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதியில் எழும்பிப் போவதும் ஒழுங்கில்லைதானே. அடுத்த கிழமை ஆரம்ப ஜெபத்தை அவர்களில் ஒருவரிடமே கேட்டுப் பாருங்கள்.