தாகம் என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம்: தொடக்க காலப் பௌத்தம் பற்றிய கேள்வி பதில்

பௌத்தத்தின் பழைய நூல்கள் உள்ள பாலி மொழியில் அந்நூல்களைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். புத்தர் என்ன சொன்னார், எந்தச் சூழலில் சொன்னார் என்று கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: "ஆசையே துன்பத்திற்குக் காரணம்" என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, "ஆசையை ஒழிக்க வேண்டும் என்பதும் ஓர் ஆசைதானே, ஐயா?" என்று கேட்டான். வாயடைத்துப்போய் நின்றேன்.

அந்தப் பையனை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது ஐயா. இதே கேள்வியைக் கோசம்பி நகரில் உண்ணாபர் என்ற பிராமணர், புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தரிடம் கேட்டிருக்கிறார். விருப்பத்தை விருப்பத்தால் ஒழிக்கப் பார்த்தால் அதற்கு முடிவே இருக்காதே என்பது அவருடைய வாதம். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: "இந்தச் சோலைக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருந்ததா?" "இருந்தது." "வந்து சேர்ந்தபின்?" "தணிந்துவிட்டது." பதில் அவ்வளவுதான். போய்ச் சேர்வதற்கான விருப்பம் சேர்ந்ததும் தணிகிறது.

தணியாத ஒன்று இருக்கிறது. புத்தர் துக்கத்தின் காரணமாகச் சொன்னது அதைத்தான். பாலியில் அதன் பெயர் தண்ஹா, நேர்ப்பொருள் தாகம். மணிமேகலை இதற்கு 'வேட்கை' என்ற சொல்லை ஆண்டது. நீர்வேட்கை என்று இன்றும் சொல்கிறோமே, அதே வேட்கை. குடிக்கக் குடிக்க இன்னும் கேட்கும் நாக்கு கண்முன் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'ஆசை' என்று பாடப்புத்தகத்தில் எழுதியதால், பிள்ளையைப் படிக்கவைக்க நினைப்பதுகூடப் பாவம் என்பதுபோல் ஆகிவிட்டது. செய்ய வேண்டும் என்ற முனைப்புக்குப் பாலியில் 'சந்தம்' என்று வேறு சொல் உண்டு. நன்முயற்சியை விளக்கும் இடத்தில், அந்த முனைப்பை உள்ளத்தில் எழுப்பிக்கொள் என்றுதான் வருகிறது.

அதே ஆசிரியர்: அப்படியானால் துக்கம் என்பதையும் நாம் தவறாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறோமா?

பாதி சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். வாரணாசிக்கு அருகே சாரநாத்தில், முன்பு தம்மோடு கடுந்தவம் செய்த ஐந்து பேரிடம் புத்தர் முதல் உரையை நிகழ்த்தினார். பிறப்பு, மூப்பு, சாவு, பிடிக்காதவரோடு இருக்க நேர்வது, பிடித்தவரைப் பிரிவது, வேண்டியது கிடைக்காமல் போவது என்று துக்கத்தை அடுக்குகிறார். கடைசி மூன்றும் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் காதில் விழுபவைதாம். பிறகு அதன் காரணம், அது அடங்கும் நிலை, அடங்குவதற்கான எண்வகை நெறி. காரணமாகிய வேட்கையை மூன்றாகப் பிரிக்கிறார்: புலனின்ப வேட்கை, இன்னும் இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதைக் கவனியுங்கள். வாழ்வை வெறுத்து ஓடுவதையும் அவர் நோயின் பட்டியலில்தான் சேர்த்தார். பௌத்தம் வாழ்க்கையை வெறுக்கச் சொல்கிறது என்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

கல்லூரி மாணவி: கிழவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளைப் பார்த்து, நள்ளிரவில் மனைவியையும் குழந்தையையும் விட்டுச் சென்றார் என்ற கதை உண்மையா?

அந்தக் கதை எனக்கும் பிடிக்கும் அம்மா. ஆனால் நிகாயங்கள் எனப்படும் பாலி உரைத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 26ஆம் சூத்திரத்தில் (உரையில்) தம் துறவைப் பற்றிப் புத்தரே பேசும்போது, நான்கு காட்சிகள் வருவதில்லை. தலைமுடி கருகருவென்றிருந்த இளமையில், தாயும் தந்தையும் விருப்பமில்லாமல் கண்ணீரோடு அழுதுகொண்டிருக்க, முடியையும் தாடியையும் மழித்து வீட்டைவிட்டுப் போனேன் என்கிறார். நள்ளிரவுப் புறப்பாடும் அதில் இல்லை. பெற்றதாய் மாயா அவர் பிறந்த ஏழாம் நாளே இறந்துவிட்டார் என்பது மரபு. ஆகவே அழுத தாய் வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதியாக இருக்க வேண்டும். நான்கு காட்சிகளின் கதை, நிகாயங்களில் விபஸ்ஸி என்ற முந்தைய புத்தருக்கு உரியதாக வருகிறது. கௌதமரின் வரலாற்றோடு பிற்காலத்தில்தான் அது இணைந்தது. எனக்கென்னவோ, அழும் பெற்றோர் முன்னால் நின்று முடிவெடுத்த இளைஞனின் படமே நெஞ்சைத் தொடுகிறது.

பெயர் குறிப்பிடாதவர்: காலம், ஊர் இவற்றுக்குச் சான்று உண்டா?

இலங்கை மரபு பரிநிர்வாணத்தை, அதாவது புத்தரின் மறைவை, கி.மு. 543இல் வைக்கிறது; ஆய்வாளர் பலர் அதைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஊருக்குக் கல்லே சாட்சி. நேபாளத்து லும்பினியில் 1896இல் அடையாளம் காணப்பட்ட அசோகர் தூணில், "சாக்கியமுனி புத்தர் இங்கே பிறந்தார்" என்று இருக்கிறது. முடிசூடி இருபதாம் ஆண்டில் அசோகர் நேரில் வந்து வணங்கி, அவ்வூருக்கு வரியையும் குறைத்திருக்கிறார்.

வங்கி ஊழியர்: ஆன்மா இல்லை என்கிறார். மறுபிறவி உண்டு என்கிறார். பிறகு எது மறுபடி பிறக்கிறது? இது முரண் இல்லையா?

இந்த இடத்தில் தடுமாறாதவர் குறைவு. புத்தரின் துறவிகளிலேயே சாதி என்ற பெயருடைய ஒருவர், மீனவர் வீட்டுப் பிள்ளை, தடுமாறினார். (நம் சாதியோடு இந்தப் பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரே உணர்வுதான் மாறாமல் பிறவிதோறும் ஓடித் திரிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் கூப்பிட்டு, "நான் யாருக்கு அப்படிச் சொன்னேன்?" என்று கடிந்துகொண்டார். பிறகு ஓர் உவமை. விறகில் பற்றினால் விறகுத் தீ. சிராயில் பற்றினால் சிராய்த் தீ. புல்லில், வறட்டியில், உமியில், குப்பையில் பற்றினால் அதது பெயரால் அந்தந்தத் தீ. அதுபோல், கண்ணும் உருவமும் சேரும்போது தோன்றுவது கண்ணுணர்வு. காதும் ஒலியும் சேரும்போது தோன்றுவது செவியுணர்வு. எதைச் சார்ந்து எழுந்ததோ அதன் பெயரே அதற்கு.

வறட்டியிலிருந்து வைக்கோலுக்குத் தீ தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். தாவியது என்ன? வறட்டிக்குள் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பொருள் எழுந்து வைக்கோலுக்குள் போய் அமரவில்லை. ஆனாலும் வறட்டி எரிந்திராவிட்டால் வைக்கோல் எரிந்திருக்காது. தொடர்ச்சி இருக்கிறது, பயணி இல்லை. இந்தத் தொடர்ச்சியைப் பன்னிரண்டு கண்ணிகளாக விரித்தார்கள். தமிழில் அவை எவ்வளவு அழகாக இருக்கின்றன பாருங்கள்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்), வாயில் (புலன்கள்), ஊறு (தொடுகை), நுகர்வு, வேட்கை, பற்று, பவம் (இருப்பாக உருவாதல்), தோற்றம், வினைப்பயன். மணிமேகலையின் முப்பதாம் காதை தரும் சொற்கள் இவை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனிப்பு நாவில் பட்டதும் இனிக்கும்; அதை யாராலும் தடுக்க முடியாது. "இன்னொன்று" என்று மனம் கை நீட்டும் அந்த நொடியில்தான் பயிற்சியின் வேலை.

அவரே மீண்டும்: கடவுள் உண்டா இல்லையா என்பதற்காவது நேராகப் பதில் சொன்னாரா?

தேவர்களை அவர் மறுக்கவில்லை. அவர்களும் பிறந்து இறப்பவர்கள், அவர்களாலும் துக்கத்தைத் தீர்க்க முடியாது என்பது அவர் நிலை. உலகம் முடிவுள்ளதா, உயிரும் உடலும் ஒன்றா என்று மாலுங்கியபுத்தர் என்ற துறவி நெருக்கியபோது, நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவனின் கதையைப் புத்தர் சொன்னார். எய்தவன் என்ன குலம், நெட்டையா குட்டையா, வில்லின் நாண் எதில் முறுக்கியது, அம்பில் கட்டிய இறகு கழுகினுடையதா மயிலினுடையதா என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால், அவன் செத்துப்போவான்.

மளிகைக்கடை நடத்தும் ஒருவர்: எல்லாம் துறவிகளுக்கான பேச்சாக இருக்கிறது. கடையும் குடும்பமும் உள்ளவனுக்கு என்ன சொன்னார்?

நிறையச் சொன்னார் அண்ணா. ராஜகிருகத்தில் ஒரு காலை, ஈரத் துணியும் ஈரத் தலையுமாக ஓர் இளைஞன் ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பெயர் சிகாலன். இறக்கும்போது அப்பா சொன்னதாம். புத்தர் அவனைக் கேலி செய்யவில்லை. கிழக்கு என்பது தாய் தந்தை, தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை வேலையாட்கள், மேல்திசை துறவிகள் என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டியதை விளக்கினார். வேலையாளுக்குச் சக்திக்கேற்ற வேலை, உணவு, கூலி, நோயில் கவனிப்பு, வேளைக்கு ஓய்வு என்று அதில் வருகிறது. வருமானத்தை நான்காகப் பிரித்து ஒரு பங்கைச் செலவழி, இரண்டைத் தொழிலில் போடு, ஒன்றை ஆபத்துக்கு வை என்றும் இருக்கிறது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்க வேண்டாம் என்பது வேறொரு சூத்திரம். உங்கள் பருப்புக்கும் புளிக்கும் தடையில்லை.

ஆராய்ச்சி மாணவர்: சாதியை எதிர்த்தார் என்பதும் பெண்களுக்கு இடம் கொடுத்தார் என்பதும் மிகைப்படுத்தலா தோழர்?

துறவிகளின் சங்கத்துக்குள் சாதிக்கு இடமில்லை, அது உறுதி. புத்தரின் குலமான சாக்கியர் குலத்து இளைஞர்கள் துறவு பூண வந்தபோது, தங்களுக்கு முடிவெட்டிய உபாலியை முதலில் சேர்க்கச் சொன்னார்கள். முன்னால் சேர்ந்தவரைப் பின்னால் வந்தவர் வணங்க வேண்டும். தங்கள் குலச்செருக்கு அடங்கட்டும் என்று அவர்களே கேட்டது. வெளிச் சமூகத்தில் சாதியைக் கவிழ்க்க அவர் இயக்கம் நடத்தவில்லை என்பதும் உண்மை.

பெண்கள் விஷயத்தில் நூல்கள் சொல்வதை மறைக்காமல் சொல்கிறேன். மகாபிரஜாபதி கால் வீங்க, உடலெல்லாம் புழுதியாக வைசாலிக்கு நடந்து வந்து வாசலில் நின்று அழுதார். ஆனந்தர் வாதாடிய பிறகே பெண்கள் துறவு பூண அனுமதி கிடைத்தது, அதுவும் எட்டு நிபந்தனைகளோடு. அவை எனக்கு உறுத்துகின்றன. பிற்காலச் சேர்க்கை என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அந்த வாசல் திறந்ததால்தான் பிக்குணிகளின், அதாவது பெண் துறவிகளின், பாடல்கள் தேரிகாதையாக நமக்குக் கிடைத்தன. முத்தா என்ற பிக்குணி அதில் பாடுகிறாள்: உரல், உலக்கை, கூனல் கணவன், மூன்று வளைந்தவற்றிலிருந்தும் விடுபட்டேன்.

ஒரு குறுங்கேள்வி: புத்தர் இறைச்சி சாப்பிட்டாரா?

பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்டார். தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகிக்காமல் இருந்தால் பிக்கு ஏற்கலாம் என்பது விதி. மீனும் இறைச்சியும் கூடாது என்று கட்டாயமாக்கக் கேட்ட தேவதத்தன் என்ற துறவிக்கு அவர் இணங்கவில்லை.

செவிலியர் ஒருவர்: ஐயா, சென்ற மாதம் அம்மா தவறிவிட்டார்கள். எல்லாம் நிலையற்றது என்று படித்தும் அழுகை நிற்கவில்லை. நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையா?

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. குசினாராவில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே புத்தர் கடைசியாகப் படுத்திருந்தபோது, ஆனந்தர் உள்ளே போய்க் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருபத்தைந்து ஆண்டுகள் கூடவே இருந்து எல்லா உரைகளையும் கேட்டவர். "நான் இன்னும் கற்க வேண்டியவன், என்மேல் இரக்கம் வைத்த ஆசான் போகிறாரே" என்பதுதான் அவர் அழுகை. ஆனந்தன் எங்கே என்று புத்தர் கேட்டார். அழுகிறார் என்றார்கள். கூப்பிட்டு அனுப்பினார். பிரியமானவை எல்லாம் பிரியும் என்று முன்பே சொல்லியிருக்கிறேனே என்று தேற்றினார். கற்கவில்லை என்று குறை சொல்லவில்லை. நெடுங்காலமாக உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அளவில்லாத அன்போடு என்னைக் கவனித்துக்கொண்டாய் என்றார். பிறகு சுற்றியிருந்த துறவிகளிடம் திரும்பி, சாகும் தறுவாயில், ஆனந்தனின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.